ஓடாத கார் நல்ல காரா?

கார் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. நான் இன்ஜினியரிங் மாணவன்தான், ஆனால் மெக்கானிக்கல் இல்லை. எங்கள் வீட்டில் முதல் கார் வந்ததே 2025 தீபாவளி சமயத்தில்தான். அதுவும் பழைய கார். ஆனால் அந்த ஒரு காரை வாங்குவதற்காக நானும் அப்பாவும் மூன்று மாதம் திருச்சி முழுக்க அலைந்தோம். பதினேழு கார் பார்த்தோம். அந்த அலைச்சலில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டாகி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கருத்து இதுதான். பழைய கார் வாங்கும்போது "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. "ஓடினதுக்குக் கணக்கு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

எங்களுக்குக் கார் என்பது ஆசையால் வந்ததில்லை. பாட்டிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வீடு ஸ்ரீரங்கத்தில், ஆஸ்பத்திரி தில்லைநகரில். காலை ஐந்தரை மணிக்குக் கிளம்ப வேண்டும். முதலில் ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தோம். திரும்பி வரும்போது பாட்டியால் உட்காரவே முடியாது, சாய்ந்து படுத்துக்கொண்டுதான் வருவார். ஆட்டோவில் அது நடக்காது. கால் டாக்ஸி சில நாள் வரும், சில நாள் கடைசி நிமிடத்தில் ரத்து ஆகிவிடும். அதனால்தான் கார்.

கையில் இருந்தது ஐந்து லட்சம். அதில் இரண்டு லட்சம் அப்பா கட்டிவந்த சீட்டு எடுத்த பணம். ஒன்றரை லட்சம் சேமிப்பு. மீதி அம்மாவின் வளையல்களை பேங்கில் வைத்து வாங்கிய நகைக்கடன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து லட்சம் என்பது பழைய கார் சந்தையில் நடுத்தரமான தொகை. ஒரு லட்சத்து ஐம்பதுக்கு வாங்குகிறவருக்குத் தெரியும், இதில் வேலை இருக்கும் என்று. பத்து லட்சத்துக்கு வாங்குகிறவர் கிட்டத்தட்ட புதுக் காரே வாங்குகிறார். நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். நல்ல காரும் இந்த விலையில் கிடைக்கும், பளபளவென்று துடைத்து வைத்த குப்பையும் இதே விலையில் கிடைக்கும். தப்பாகப் போனால் இன்னொரு தடவை வாங்கப் பணம் கிடையாது.

தேட ஆரம்பித்ததும் எல்லாரும் மூன்று மந்திரம் சொன்னார்கள். பெரியப்பா சொன்னார், அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் சொன்னார்கள், டீக்கடையில் முகம் தெரியாதவர் கூடச் சொன்னார்.

ஒன்று, சிங்கிள் ஓனர் வண்டியா பாரு.
இரண்டு, கம்மி கிலோமீட்டர் வண்டியா பாரு.
மூன்று, டாக்டர் வண்டி கிடைச்சா யோசிக்காம முடிச்சிடு.

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதி டாக்டர்களுடையதுதான் போலிருக்கிறது. இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஆஸ்பத்திரியில் ஏன் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறோம் என்று தெரியவில்லை :-)

இந்த மூன்று மந்திரமும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு கார் ஸ்ரீரங்கத்திலேயே கிடைத்தது. சித்திரை வீதி ஒன்றில், பழைய காலத்து வீடு. வாசலில் சாம்பல் நிறக் கவர் போட்டு நின்றது. 2014ல் பதிவான பெரிய செடான். வீட்டுக்காரருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும்.

"வாங்கோ சார், உக்காருங்கோ. பையன் கலிஃபோர்னியால இருக்கான். லீவுல வந்தப்போ வாங்கிக் குடுத்துட்டுப் போனான். நாங்க எங்க போகப் போறோம்? குணசீலம், திருவெள்ளறை, அவ்ளோதான். நாலு வருஷமா அதுவும் இல்ல. டிரைவர் வந்து மாசம் ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிட்டுப் போவான்."

கவரை எடுத்ததும் அப்பா அசந்துவிட்டார். ஒரு கீறல் இல்லை. சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறை கூட அப்படியே இருந்தது. மீட்டரில் 19 ஆயிரம் கிலோமீட்டர். பதினோரு வருடத்தில் வெறும் 19 ஆயிரம்! நாலே முக்கால் லட்சம் கேட்டார். ஸ்ரீரங்கத்து வீதிகளில் நடந்து போனால் இப்படிக் கவர் போட்ட கார்களை நீங்களும் நிறையப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை வெளிநாட்டில், பெற்றோர் இங்கே, கார் வாசலில். இதை விட நல்ல வண்டி எங்கே கிடைக்கும்? அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா.

நல்லவேளை, அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் உறையூரில் பட்டறை வைத்திருக்கிறார். அவரை அழைத்துப் போனோம். இன்ஜினைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

"தம்பி, இந்த நம்பரைப் படி."

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருந்தது. 2314. 2014ஆம் வருடத்தின் 23வது வாரத்தில் தயாரான டயர் என்று அர்த்தம். பட்டன் (அதாவது தேயும் பகுதி) புதுசு போலவே இருந்தது. ஆனால் ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள். ரப்பர் ஓடினால் மட்டும் தேயும் பொருள் இல்லை, நின்றாலும் காய்ந்து இறுகும். பத்து வருடத்துக்கு மேல் ஆன டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், மாற்றத்தான் வேண்டும். நாலு டயர், ஒரு ஸ்டெப்னி.

அடுத்து பானெட்டைத் திறந்தார். ஓரத்தில் எலி கூடு கட்டியிருந்த அடையாளம். இரண்டு இடத்தில் ஒயர் கடித்து, டேப் சுற்றி இருந்தது. பேட்டரி ஜம்பர் போட்டுத்தான் ஸ்டார்ட் ஆனது. பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் பிடித்து இழுத்தது. டேங்கில் கிடந்த பெட்ரோல் எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி சர்வீஸ் பில் 2019ல்.

"இது ஓடல தம்பி. ஆனா வயசு ஆகியிருக்கு" என்றார் அண்ணன். அவர் போட்ட கணக்கு 70 ஆயிரத்தைத் தாண்டியது. "அதுக்கப்புறமும் எந்த ஹோஸ் எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது" என்று வேறு சொன்னார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெரியவர் எங்களை ஏமாற்றவில்லை. தன் கார் புதுசு என்று அவர் உண்மையாகவே நம்பினார். நாங்களும் நம்பினோம். அந்த நம்பிக்கைதான் தப்பு.

ஏன் தப்பு? ஒரு காரில் இரண்டு வகைத் தேய்மானம் இருக்கிறது. ஓடுவதால் தேய்வது ஒன்று: கிளட்ச் பிளேட், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ். சும்மா நின்றாலே கெடுவது இன்னொன்று: டயர், பேட்டரி, ரப்பர் ஹோஸ்கள், ஆயில் சீல்கள், பிரேக் ஆயில், கூலன்ட். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். இன்ஜின் ஆயிலும் அப்படியே, 10 ஆயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நிற்கும் காருக்கு இது நல்லதில்லை. மாதம் ஒரு முறை வாசலிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பதும் உதவாது. இன்ஜின் முழுதாகச் சூடாகாமல், உள்ளே சேர்ந்த ஈரம் வெளியே போகாமல் தங்கிவிடும்.

சரி, இது உண்மையாகவே ஓடாத காரின் கதை. மீட்டரில் மட்டும் ஓடாத கார் என்று இன்னொரு ரகம் இருக்கிறது!

பாலக்கரைப் பக்கம் ஒரு புரோக்கர் மூலமாக ஒரு வண்டி பார்த்தோம். மீட்டரில் 38 ஆயிரம். ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழு என்று மழுங்கியிருந்தது. ஸ்டீயரிங் உறையை நீக்கிப் பார்த்தால், பத்து மணி இரண்டு மணி இடங்களில் தோல் பளபளவென்று தேய்ந்து கிடந்தது. டிரைவர் சீட்டின் வெளி ஓரம் அமுங்கியிருந்தது. 38 ஆயிரத்தில் இவ்வளவு தேயுமா? "சர்வீஸ் ரெக்கார்டு இருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தொலைஞ்சு போச்சு தம்பி, வண்டியப் பாருங்க, பேப்பரை ஏன் பாக்குறீங்க" என்றார். பேப்பரைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது இன்று ஒரு மணி நேர வேலை. ஆனால் ஐந்து வருட சர்வீஸ் பில்களையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகியிருக்கும் கிலோமீட்டரையும் யாராலும் ஒரு மணி நேரத்தில் மாற்ற முடியாது.

ஆக, கம்மி கிலோமீட்டர் என்றால் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. உண்மையாக இருந்தால், நின்று கெட்டிருக்கலாம். பொய்யாக இருந்தால், சொல்லவே வேண்டாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆவணம் மட்டுமே.

இப்போது நாங்கள் வாங்கிய காருக்கு வருகிறேன்.

பெல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், திருவெறும்பூர் பக்கம் வீடு. 2018 நவம்பரில் பதிவான ஸ்விஃப்ட், பெட்ரோல், டிஎன் 81. மீட்டரில் 78 ஆயிரம். பெரியப்பா போனிலேயே "எழுபத்தெட்டா? வேண்டவே வேண்டாம்" என்றார். அப்பாவுக்கும் மனசில்லை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம்.

அவர் காரைக் காட்டுவதற்கு முன் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். முதல் இலவச சர்வீஸிலிருந்து கடைசி வரைக்கும் பில்கள் வரிசையாக. டயர் மாற்றிய பில், பேட்டரி வாரன்டி அட்டை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, கிலோமீட்டர், போட்ட பெட்ரோல். எழுதியெழுதி நோட்டு பாதி தீர்ந்திருந்தது.

"ஒண்ணு சொல்லிடுறேன் சார்" என்று அப்பாவிடம் அவரே ஆரம்பித்தார். "2021ல மன்னார்புரம் சிக்னல்ல பின்னாடி ஒரு வேன்காரன் இடிச்சுட்டான். டிக்கி கதவும் பம்பரும் மாத்தியிருக்கு. இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணேன்."

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அவருடைய இன்சூரன்ஸ் பாலிசியில் 'நோ கிளெய்ம் போனஸ்' 35 சதவீதம் என்று இருந்தது. இந்த போனஸ் எப்படி ஏறும் என்றால், கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20, பிறகு 25, 35, 45, ஐந்து வருடத்துக்கு 50 சதவீதம். நடுவில் ஒரு கிளெய்ம் செய்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். 2021ல் கிளெய்ம், அந்த நவம்பர் புதுப்பித்தலில் பூஜ்யம், 2022ல் 20, 2023ல் 25, 2024ல் 35. அவர் சொன்ன கதையும் பாலிசியின் எண்ணும் அச்சாகப் பொருந்தின. அதாவது 2021க்குப் பிறகு கிளெய்ம் எதுவும் இல்லை.

இது எல்லாருக்கும் உதவக்கூடிய சின்னக் கணக்கு. "வண்டி ஆக்சிடென்டே ஆகல சார்" என்று ஒருவர் ஆறு வருடமாகக் காரை வைத்திருந்து சொன்னால், பாலிசியில் 50 சதவீதம் இருக்க வேண்டும். பூஜ்யமோ இருபதோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம். நடுவில் இன்சூரன்ஸ் விட்டுப்போயிருக்கலாம், வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருக்கலாம். ஆனால் கேட்காமல் விடாதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நாம் டிவியில் பார்த்தோம். அப்படி மூழ்கிய கார்களைக் காயவைத்து வேறு ஊரில் விற்பதுண்டு. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டின் தண்டவாளத்தில் துரு இருக்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் மணம் வரும்.

மெக்கானிக் அண்ணனை அழைத்துக்கொண்டு மறுபடி போனோம், காலை ஆறு மணிக்கு. முன்கூட்டியே சூடு பண்ணி வைத்த இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். அதனால் அண்ணன் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தோம், ஒரே சாவியில் பிடித்தது. புகை இல்லை. அங்கிருந்து ஊருக்குள் வந்து தென்னூர் மேம்பாலம் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் சுங்கச்சாவடி வரை ஓட்டினோம். மேம்பாலத்தில் நிறுத்தி எடுத்தால் கிளட்ச் தெரியும், நெடுஞ்சாலையில் எண்பதில் போனால் ஸ்டீயரிங் ஆடுகிறதா என்று தெரியும். அண்ணன் சொன்ன குறைகள்: முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும், பிரேக் பேட் மாற்ற வேண்டும், முன்பக்கம் ஒரு புஷ் சத்தம். கிளட்ச் இன்னும் ஒரு வருடம் தாங்கும். எல்லாம் ஓடித் தேய்ந்த சமாச்சாரம். விலை தெரிந்த சமாச்சாரம்.

இதுதான் என் வாதத்தின் சாரம். 78 ஆயிரம் ஓடிய காரில் என்ன செலவு வரும் என்று எங்களால் ஒரு காகிதத்தில் எழுத முடிந்தது. 19 ஆயிரம் ஓடிய காரில் எழுத முடியவில்லை. நடுத்தர பட்ஜெட்காரனைக் கவிழ்ப்பது முன்கூட்டியே தெரியாத செலவுதான்.

நாலே முக்கால் கேட்டார். பேரம் பேசி 4 லட்சத்து 45 ஆயிரத்துக்கு முடித்தோம். பேரத்துக்கு ஒரு காரணமும் கிடைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இன்ஜினும் இருந்தால் சின்னக் கார். அதற்கு முன் ஜிஎஸ்டி 28 சதவீதம், அதற்கு மேல் செஸ் வேறு. புதுக் காரின் விலை இறங்கும்போது பழைய காரின் விலையும் இறங்கியாக வேண்டும். சிலர் இன்னும் பழைய புதுக்கார் விலையை மனதில் வைத்தே விலை சொல்கிறார்கள். நீங்கள் போவதற்கு முன் அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஐந்து லட்சம் இருந்தும் ஐந்து லட்சத்துக்கு ஏன் வாங்கவில்லை என்று கேட்கலாம். கையில் இருப்பதை எல்லாம் காருக்கே கொடுத்தால், டயருக்கும் பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் எங்கே போவது? பத்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வையுங்கள். எங்களுக்கு முதல் மாதத்தில் 32 ஆயிரம் ஆனது. மிச்சம் கிளட்ச்சுக்குக் காத்திருக்கிறது.

கணக்கு என்று நான் சொல்வது சர்வீஸ் பில்லை மட்டும் இல்லை. அரசாங்கத்தின் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். பரிவாகன் தளத்திலோ செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று வரும். நிலுவை அபராதத்தையும் பார்க்கலாம். இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் பேங்கின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி, அதிலும் பிஒய் என்று ஆரம்பிக்கும் புதுச்சேரி வண்டி மலிவாகக் கிடைத்தால் உடனே குஷியாகிவிடாதீர்கள். அங்கிருந்து படிவம் 28ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவும் செய்ய வேண்டும். அதையெல்லாம் கூட்டினால் மலிவு காணாமல் போய்விடும்.

பெயர் மாற்றத்தை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் சேர்த்தே ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தீர்ப்பு சொன்னது. 2007ல் ஒருவர் காரை விற்றுவிட்டார். அது அதன் பிறகு பல கை மாறியது. ஆனால் பதிவில் பெயர் மாறவில்லை. 2009ல் அந்தக் கார் விபத்தில் சிக்கி ஓர் உயிர் போனது. இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு? பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். விற்று இரண்டு வருடம் ஆன பிறகு! சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரே மாநிலத்துக்குள் என்றால். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடேயே போய்விடும், நமக்கு வராது. அந்த வித்தியாசத் தொகையை நாம் கட்ட வேண்டும். இதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

அடுத்தது, எந்த வருடத்துக் கார்? என் கருத்து: ஐந்து லட்சத்துக்குப் பழைய பெரிய காரை விட, கொஞ்சம் புதிய சின்னக் கார் நல்லது. காரணம் பாதுகாப்பு. 2019 ஏப்ரல் முதல் விற்ற எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். 2019 ஜூலை முதல் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். 2022 ஜனவரி முதல் முன் சீட்டுக்கு இரண்டு ஏர்பேக் கட்டாயம். இந்தத் தேதிகளுக்கு முந்தைய கார்களில் வேரியன்டைப் பொறுத்து இருக்கும், இல்லாமலும் இருக்கும். விளம்பரத்தில் 'ஃபுல் ஆப்ஷன்' என்று போட்டிருப்பதை நம்பாமல் நேரில் பாருங்கள். எங்கள் ஸ்விஃப்ட் 2018 வண்டிதான், ஆனால் அந்த மாடல் வந்தபோதே எல்லா வேரியன்டிலும் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இருந்தன. இன்னொன்று, தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். 2014 காருக்கு அது 2029ல் முடிகிறது. அதற்குப் பிறகு எஃப்.சி., ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல், கட்டணம் என்று தனிக்கதை. பளபளக்கும் பெரிய காரைப் பார்க்கும்போது இது மனதில் வராது.

என் கருத்துக்கு எதிராக ஒரு கேள்வி வரும். அப்படியானால் குறைவாக ஓடிய கார் எல்லாம் மோசமா, நிறைய ஓடியது எல்லாம் நல்லதா? இல்லை. குறைவாக ஓடி, வருடா வருடம் ஆயில் மாற்றி, டயர் மாற்றி, வாரம் ஒரு முறையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டிய கார் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. பில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அதே மாதிரி, கணக்கே இல்லாமல் ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியை என் பேச்சைக் கேட்டு வாங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். சிங்கிள் ஓனரும் அப்படித்தான். கவனிக்காத ஒரே ஓனரை விட, கவனித்த இரண்டு ஓனர் மேல். எண்கள் எதுவும் தனியாக நின்று எதையும் சொல்லாது. பின்னால் இருக்கும் கணக்குதான் சொல்லும்.

மெக்கானிக்கை அழைத்துப் போனால் அவருக்குக் காசு கொடுங்கள். எங்கள் அண்ணன் வாங்க மாட்டேன் என்றார், அப்பா பாக்கெட்டில் திணித்தார். ஐந்து லட்சம் போடுகிற இடத்தில் ஆயிரம் இரண்டாயிரத்துக்குக் கணக்குப் பார்ப்பது வீண் சிக்கனம். விற்பவரே "நம்ம மெக்கானிக் இருக்காரு, அவரே பாத்துச் சொல்வாரு" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கார் வந்து இத்தனை நாளில் பெரிய அனுபவம் ஒன்றும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் காலை ஐந்தரைக்கு அப்பா வண்டியை எடுக்கிறார். முன் சீட்டை நன்றாகச் சாய்த்துப் பாட்டியைப் படுக்க வைக்கிறோம். காவிரிப் பாலத்தில் போகும்போது பாட்டி கண்ணாடியை இறக்கச் சொல்லித் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்கிறார். ஒரு நாள் கூட வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றதில்லை. நின்றிருந்தால் அது பாட்டியின் ஒரு நாள் சிகிச்சை.

அந்தப் பெல் காரரின் நோட்டுப் புத்தகத்தையும் காரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். மீதிப் பக்கங்களில் இப்போது அப்பா எழுதுகிறார். தேதி, கிலோமீட்டர், பெட்ரோல். ஐந்தாறு வருடம் கழித்து இந்தக் காரை யாராவது வாங்க வருவார்கள். அவர்களுக்குக் காட்ட எங்களிடமும் கணக்கு இருக்க வேண்டும் அல்லவா?

உங்கள் வீட்டில் யாராவது கார் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். மீட்டரைப் பார்க்கும் முன் ஃபைலைக் கேளுங்கள்.